திரைக்குப் பின்னே ஒரு சொல்

பண்ணுருட்டியை அடுத்துக் கெடில நதிக்கரையில் அமைந்த பழம்பதி திருவதிகை. பலாவுக்கும் முந்திரிக்கும் பெயர்பெற்ற வட்டாரம். தெற்கே சென்றால் பழுப்பு நிலக்கரியால் பெயர்பெற்ற நெய்வேலி. 1956-இல் நிறுவனம் தோன்றிய பின் எழுந்த தொழில் நகரியம் அது. திருவதிகைக்கோ ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. ஆர்க்காட்டு நவாபு பதவிக்கான பூசலில், 1750-இல் முகம்மது அலியின் படையும் பிரெஞ்சுப் படையும் இவ்வூர்ப் பக்கத்திலேதான் பொருதின. ஆனால், நாம் இங்குச் சொல்ல வந்தது போரைப் பற்றியன்று. ஓர் அக்காளும் தம்பியும் ஆள்வழி அனுப்பிக்கொண்ட ஒரு செய்தியைப் பற்றி.

அக்காள் திலகவதியார். தம்பி மருள்நீக்கியார், பிற்காலத்தில் திருநாவுக்கரசர் என்று புகழ்பெற்றவர். காலம் ஏழாம் நூற்றாண்டு. மணம் பேசப்பெற்ற கலிப்பகை என்னும் வீரர் போர்க்களத்தில் மாண்டார், பெற்றோரும் மறைந்தனர். தம்பிக்காகவே உயிர் தரித்திருந்தார் திலகவதியார். அத்தம்பியோ சமண சமயம் தழுவித் தருமசேனர் என்னும் பட்டமும் பெற்றுப் பாடலிபுரத்துப் பள்ளியில் தலைவராக விளங்கினார். கொடிய வயிற்று நோய் வந்தபோது யாராலும் தீர்க்க இயலவில்லை. உடனே அவர் நினைவு அக்காளிடம் சென்றது. தமக்குச் சமைத்துப் போடும் ஆளைத் தூதாக அனுப்பினார். அக்காள் தூதனிடம் சொல்லியனுப்பிய மறுமொழி மிகச் சுருக்கமானது: சமணப் பள்ளிக்குத் தாம் வரமாட்டார் என்பதே அதன் சாரம். தம்பி இரவோடு இரவாகத் திருவதிகைக்கு வந்து அவர் காலில் விழுந்தார்.

இச்செய்திகளை நமக்குச் சொல்பவர் பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழார். அதாவது ஐந்நூறு ஆண்டுகள் கழித்து! தம்பி பாடியவற்றுள் மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் ஏட்டில் நின்று நமக்குக் கிடைத்திருக்கின்றன. அக்காள் தம் வாயால் சொன்னதாக அவர் காலத்து ஏடு எதிலும் ஒரு சொல்லும் இல்லை. அவர் பேசவில்லையா? பேசினார். ஒரு மறுப்புச் சொல்லால் தமிழ்நாட்டுச் சமய வரலாற்றையே திருப்பினார். ஆனால், அந்தச் சொல் ஒரு சமையற்காரனின் காதில் விழுந்து, பின் யார் யாரோ வாய்வழி நடந்து, கடைசியில் ஓர் ஆண் புலவரின் விருத்தத்தில் வந்து நின்றது.

ஆணும் பெண்ணும் முகம் காணாமல் எழுத்தாலும் குரலாலும் மட்டும் பழகும்போது எவ்வாறு நடந்துகொள்கிறார்கள், அதில் வேறுபாடு உண்டா, உண்டானால் அது பிறவியில் வந்ததா, நிலைமையால் வந்ததா என்னும் வினா இன்று கைப்பேசியும் இணையமும் நம் அடுக்களை வரை வந்துவிட்டதால் எழுந்த புதுவினா என்றே பலர் நினைக்கின்றனர். புதுவினா அன்று அது. தமிழில் அதற்கு இரண்டாயிரம் ஆண்டு வயது.

சங்கப் புலவர் 473 பேர் என்பர். அவருள் பெண்பாற் புலவர் முப்பதுக்கு மேற்பட்டோர் என அறிஞர் கணக்கிடுவர். சரியான எண்ணிக்கையில் கருத்து வேறுபாடு உண்டு. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. குறுந்தொகையைப் புரட்டினால் பெரும்பகுதிப் பாடல்கள் தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று. பாடியவர்களோ பெரும்பாலும் ஆடவர். பெண்ணின் நெஞ்சு எப்படித் துடிக்கும், தோழியிடம் அவள் எதைச் சொல்வாள், எதை மறைப்பாள் என்பதையெல்லாம் ஆண்கள் எழுதினர். இவ்வளவு பெண்குரல்களுக்கு நடுவே வெள்ளிவீதியாரும் ஔவையாரும் பாடியவற்றைப் பெயரை மறைத்துவிட்டு நம்மிடம் கொடுத்தால், ‘இது பெண் எழுதியது’ என்று உறுதியாகப் பிரித்தெடுக்க நம்மால் ஆகுமா? ஆகாது என்பதே நம் கருத்து. திருநாவுக்கரசரே திருவாரூர்த் தாண்டகம் ஒன்றில் இறைவன்பால் காதல் கொண்ட ஒரு பெண்ணின் நிலையைத் தோழி சொல்வதுபோலப் பாடியிருக்கிறார். பாடாத அக்காளின் தம்பி, பெண்ணின் உள்ளத்தைப் பெண்ணின் வாய்வழியே பாடினார்!

நம் பக்கத்திலும் இவ்வழக்கு உண்டு. 1838-இல் மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபு மனோன்மணிக் கண்ணியில் மெய்ப்பொருளை ஒரு பெண்ணாக உருவகித்து விளித்து உருகினார். ஞானிகளின் உலகில் ஆண் பெண் என்பது அணிந்து கழற்றும் ஆடைபோல் ஆகிவிடுகிறது.

ஆனால், இதன் மறுபுறத்தையும் பார்க்க வேண்டும். ஆண் பெண்குரலில் பாடினால் அது இலக்கிய மரபு. பெண் ஆண் பெயரில் எழுதினால் அது பெரும்பாலும் தற்காப்பு. இங்கிலாந்தில் பிரான்டி சகோதரிகள் மூவர் 1846-இல் தம் கவிதைகளை ஆண் பெயர்போல் ஒலிக்கும் புனைபெயர்களில் வெளியிட்டனர். மேரி ஆன் எவன்ஸ் என்னும் அம்மையார் ஜார்ஜ் எலியட் என்னும் ஆண் பெயரில் கதை எழுதினார். 1858-இல் அவற்றைப் படித்த நாவலாசிரியர் டிக்கன்ஸ், ‘இதை எழுதியவர் ஒரு பெண்ணாகத்தான் இருக்க வேண்டும்’ என்னும் கருத்துப்பட அவருக்கே கடிதம் விடுத்தார். டிக்கன்சின் மோப்பம் சரியாயிற்று. ஏறத்தாழ நூற்று இருபது ஆண்டு கழித்து அமெரிக்காவில் இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்று நடந்தது. ஜேம்ஸ் டிப்ட்ரி என்னும் பெயரில் ஒருவர் விஞ்ஞானக் கதைகள் எழுதி வந்தார். அவர் பெண்ணாக இருக்கலாம் என்று சிலர் ஐயுற்றபோது, ராபர்ட் சில்வர்பெர்க் என்னும் எழுத்தாளர் 1975-இல் அந்த ஐயத்தை நகைத்து ஒதுக்கினார். அந்த எழுத்தில் ஐயத்துக்கு இடமில்லாத ஆண்மை இருக்கிறது என்றார். ஈராண்டுக்குள் உண்மை வெளிவந்தது. டிப்ட்ரி, ஆலிஸ் ஷெல்டன் என்னும் அம்மையார். தமிழிலோ கதை வேறு. ரங்கராஜன் என்னும் பொறியியலாளர் தம் மனைவியின் பெயரைப் புனைபெயராக்கிச் சுஜாதா ஆனார். பெண்பெயர் தாங்கிய அந்த எழுத்து நாடெங்கும் தடையின்றி உலவிற்று.

இனி நம் இல்லங்களுக்கு வருவோம்.

கடலூர் வட்டாரத்துப் பரங்கிப்பேட்டை, அப்பால் நாகூர், கீழக்கரை, காயல்பட்டினம் என்று கடற்கரை நெடுகிலும் நம் ஆடவர் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் தொழில் தேடிச் சென்றனர். வீட்டில் இருந்தவர்கள் பெண்கள். கணவன் மனைவி உறவே கடிதத்தால் நடந்த காலம் அது. தமிழ் எழுத்து அறியாத பெண்கள் பலர். ஆனால், குர்ஆன் ஓதக் கற்ற காரணத்தால் அரபு எழுத்தை அவர்கள் அறிந்திருந்தனர். அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத் தமிழ் அவர்களுக்குப் பெருங்கொடையாயிற்று. அதில் மார்க்க நூல்களைப் படித்தனர், மாலைகளைப் பாடினர். கீழக்கரை ஆசியா உம்மா போன்ற பெண் ஞானியர் அதில் பாடல்களே இயற்றினர். அரபுத் தமிழ் அறிந்த பெண் தன் கடிதத்தைத் தானே எழுதிக்கொள்ள முடிந்தது. அறியாத பெண் என்ன செய்வாள்? பக்கத்து வீட்டுப் பையனையோ கொழுந்தனையோ உட்கார வைத்து, கதவுக்குப் பின் நின்று சொல்வாள், அவன் எழுதுவான். ‘இவ்விடம் யாவரும் நலம், அவ்விடம் நலமறிய ஆவல்’ என்பதற்கு மேல் எதைச் சொல்வது? பத்து வயதுப் பையன் முன்னால் கணவனுக்கு மனத்தைத் திறக்க முடியுமா? அத்தகைய கடிதங்களை இன்று எடுத்துப் படிப்பவர், அக்காலப் பெண்களுக்கு உணர்ச்சியே குறைவு என்று முடிவு கட்டினால் எவ்வளவு பெரிய தவறு! சொல் சுருங்கியதற்குக் காரணம் பெண்ணின் இயல்பு அன்று. நடுவில் உட்கார்ந்திருந்த பையன்.

இந்த ‘நடுவில் இருப்பவர்’ இல்லாத இடத்தில் என்ன நடந்தது என்பதற்கு நம் வரலாற்றிலேயே சான்று உண்டு. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் திரைக்குப் பின்னிருந்து கல்வி புகட்டினார்கள். முகம் காணாக் குரலே அங்கே அறிவின் ஊற்றாயிற்று. அவர்கள் வளர்ப்பில் இருந்த ஆயிஷா பின்த் தல்ஹா என்னும் நங்கைக்குப் பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வரும், அன்பளிப்புகளும் வரும். அவற்றை அவர் அன்னையிடம் காட்ட, மறுமொழி எழுதுமாறும் கைம்மாறு அனுப்புமாறும் அன்னை பணிப்பார்கள். இமாம் புகாரி தம் ‘அல் அதபுல் முஃப்ரத்’ நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் மக்காவில் வாழ்ந்த கரீமா அல்மர்வஸிய்யா என்னும் அம்மையார் ஸஹீஹுல் புகாரியைக் கற்பிப்பதில் பேர்பெற்றவர். பக்தாதின் வரலாற்றை எழுதிய கதீபுல் பக்தாதி, ஹஜ்ஜுக்கு வந்தபோது அந்நூலை அவர்முன் ஐந்து நாளில் ஓதி முடித்தார் என்பர்.

திரை வேறு, வாய்ப்பூட்டு வேறு என்பதை இவற்றைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

மேல்நாட்டு மொழியறிஞர்களும் இவ்வழக்கை ஆராய்ந்தனர். 1975-இல் ராபின் லேக்காஃப் என்னும் அம்மையார், பெண்களின் பேச்சில் தயக்கச் சொற்கள் மிகுதி, உறுதியாகக் கூற வேண்டியதையும் ‘அப்படித்தானே?’ என்று கேள்வியாக்கி முடிப்பர், பணிவு மிகுதி என்று எழுதினார். பலரும் ஒப்புக்கொண்டனர். ஆனால், 1980-இல் ஓபார், அட்கின்ஸ் என்னும் இருவர் நீதிமன்றச் சாட்சிகளின் பேச்சைப் பதிவு செய்து பார்த்தபோது வேறொன்று புலப்பட்டது. கல்வியும் பதவியும் உள்ள பெண் சாட்சிகளிடம் அந்தத் தயக்கம் குறைவு. தாழ்ந்த நிலையிலுள்ள ஆண் சாட்சிகளிடம் அதே தயக்கம் மிகுதி. ஆகவே, அது பெண்மொழி அன்று, அதிகாரமற்றவர் மொழி என்றனர். பண்ணையார் முன் கைகட்டி நின்ற குடியானவர் எப்படிப் பேசினார் என்பதை அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை. டெபோரா டானன் 1990-இல் எழுதிய நூலில், ஆண்கள் தகவலும் தகுதியும் நாட்டப் பேசுகின்றனர், பெண்கள் உறவை வளர்க்கப் பேசுகின்றனர் என்றார். அதிலும் ஓரளவு உண்மை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை.

தொலைபேசி வந்த கதையும் சுவையானது. அமெரிக்காவில் இணைப்பகங்களில் முதலில் தந்தி அலுவலகத்துப் பையன்களையே அமர்த்தினர். முகம் தெரியாத துணிச்சலில் அவர்கள் வாடிக்கையாளரை ஏசினர், குறும்பு செய்தனர். 1878 செப்டம்பர் 1-இல் பாஸ்டன் நகரில் எம்மா நட் என்னும் பெண் அமர்த்தப்பட்டார். பின்னர் அத்தொழிலே பெண்கள் தொழிலாயிற்று. முகம் மறைந்தால் ஆடவரின் நா எவ்வளவு எளிதில் கட்டவிழும் என்பதற்கு இந்நிகழ்ச்சி பழைய சான்று. இன்றைய சான்றுகளுக்குப் பஞ்சமா?

கணினியின் தந்தையருள் ஒருவரான ஆலன் டியூரிங் 1950-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையை, ‘எந்திரம் சிந்திக்குமா?’ என்னும் வினாவுக்காகவே எல்லாரும் நினைவுகூர்வர். அதன் தொடக்கத்தில் அவர் விவரிக்கும் விளையாட்டு ஆண் பெண் விளையாட்டே. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஓர் அறையில். கேள்வி கேட்பவர் மற்றோர் அறையில். தட்டச்சு செய்த விடைகளை மட்டும் பார்த்து யார் ஆண், யார் பெண் என்று கண்டுபிடிக்க வேண்டும். முப்பதாண்டு கழிந்த பின் அந்த விளையாட்டு விபரீதமாயிற்று. 1980-களில் அமெரிக்காவில் கணினிவழி உரையாடும் வசதி வந்தபோது, ஆண் மருத்துவர் ஒருவர் தம்மை உடல் ஊனமுற்ற பெண்ணாகக் காட்டிக்கொண்டு நெடுங்காலம் பலருடன் பழகினார். எத்தனையோ பெண்கள் அவரைத் தோழியென நம்பி அந்தரங்கத்தைக் கொட்டினர். உண்மை வெளியானபோது அவர்கள் பட்ட வேதனையை 1985-இல் ‘மிஸ்’ என்னும் பெண்கள் இதழ் விரிவாக எழுதியது. சங்கப் புலவன் தலைவியாகப் பேசியபோது கேட்டவர்கள் அனைவருக்கும் அது புலவன் என்று தெரியும். இங்கே தெரியாது. மரபுக்கும் மோசடிக்கும் இடையே உள்ள கோடு இந்த அறிதல் ஒன்றுதான்.

கணினியில் முகமும் குரலும் மறைவதால் ஆண் பெண் ஏற்றத்தாழ்வும் மறையும் என்று தொடக்கத்தில் பலர் நம்பினர். சூசன் ஹெர்ரிங் என்னும் மொழியறிஞர் 1990-களின் தொடக்கத்தில் பேராசிரியர்களின் கணினிவழிக் கலந்துரையாடல்களை எண்ணிப் பார்த்தார். ஆடவரே மிகுதியாகவும் நீளமாகவும் எழுதினர். பெண்கள் எழுதியவற்றுக்கு மறுமொழி குறைவு. ஒரு விவாதத்தில் தொடர்ந்து இரண்டு நாள் பெண்கள் ஆண்களைவிடக் கூடுதலாக எழுதிவிட்டனர். அவ்வளவுதான், ‘விவாதம் எல்லை மீறிவிட்டது, நாங்கள் விலகுகிறோம்’ என்று ஆடவர் சிலர் மிரட்டத் தொடங்கினர். படித்தவர் அவையில் இரண்டே நாள் கதை இது! உலகத்தார் கூடி எழுதும் விக்கிப்பீடியாக் கலைக்களஞ்சியத்திலும் 2011-இல் வெளியான கணக்கின்படி எழுதுவோருள் பெண்கள் நூற்றுக்குப் பதின்மூன்று பேர்கூட இல்லை. 2015-க்குள் அதை இருபத்தைந்தாக உயர்த்த இலக்கு வைத்தனர், எட்ட முடியவில்லை.

இந்தியாவின் ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 2019-21 ஆண்டுகளில் நடந்தது. இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய ஆடவர் நூற்றுக்கு 57 பேர். பெண்டிர் 33 பேர். தாமே பயன்படுத்தும் கைப்பேசி உடைய பெண்கள் நூற்றுக்கு 54 பேர். எஞ்சியவர் கணவன் கையிலிருந்தோ மகன் கையிலிருந்தோ வாங்கிப் பேசுகிறவர்கள். அந்தப் பத்து வயதுப் பையன் இன்னும் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறான். எழுதுகோலுக்குப் பதில் கைப்பேசி வைத்திருக்கிறான், அவ்வளவே வேறுபாடு. உறவினர் அனைவரும் சேர்ந்த வாட்சப் குழுக்களைக் கவனித்தவர்கள் அறிவார்கள். பெரியப்பாவும் மாமாவும் விடியற்காலை முதல் அறிவுரை அனுப்புவர். பெண்கள் ‘ஆமீன்’ என்றும் ‘மாஷா அல்லாஹ்’ என்றும் எழுதி நிறுத்திக்கொள்வர். அதே பெண்கள் தமக்கென வைத்துள்ள தனிக் குழுவில் மருந்து முதல் மகளின் மணப்பேச்சு வரை எவ்வளவு விரிவாக, எவ்வளவு கூர்மையாக எழுதுகின்றனர்! ஒரே விரல், ஒரே கைப்பேசி. கேட்போர் மாறியதும் மொழி மாறிவிடுகிறது. சொந்தப் பெயரும் படமும் போடாமல் பூவின் படத்தையோ குழந்தையின் படத்தையோ போட்டுக்கொள்வதும் பெண்கள்பால் மிகுதி. நாணம் என்று சிலர் இதற்குப் பெயர் வைப்பர். அச்சம் என்பதே பொருந்தும் என்று நமக்குத் தோன்றுகிறது.

பெயர் சொல்லி எழுதத் துணிந்தவர்களும் நம்மிடையே தோன்றவே செய்தனர். நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938-இல் ‘காதலா கடமையா’ என்னும் நாவலைத் தம் பெயரிலேயே வெளியிட்டார், டாக்டர் உ.வே. சாமிநாதையர் அதனைப் பாராட்டி எழுதினார். பெரிய பள்ளிப் படிப்புப் படித்தவர் அல்லர் அவ்வம்மையார். அறுபதாண்டு கழித்தும் துவரங்குறிச்சிக் கவிஞர் ஒருவர் சல்மா என்னும் புனைபெயருக்குள் ஒளிந்தே கவிதை எழுத நேர்ந்தது. எழுதிய தாள்களை அவர் தாயார் மறைவாக எடுத்துச் சென்று வெளியே அனுப்ப வேண்டியிருந்தது. 2004-இல் அவர் நாவல் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ வெளிவந்தது. இன்று அவரை அறியாத தமிழ் வாசகர் இல்லை. ஜுனைதாவின் துணிவு தானாகவே அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரவில்லை என்பதே இங்கே நம்மை உறுத்துவது.

அச்சம் வீண் அச்சம் என்று சொல்லிவிடவும் நமக்கு நா எழவில்லை. 2021 ஜூலையில், பின்னர் 2022 ஜனவரி 1 அன்று, இந்திய முஸ்லிம் பெண்களின் படங்களை அவர்கள் அறியாமல் எடுத்து, ஏலம் விடுவதுபோல் இணையத்தில் காட்டினர் சிலர். இரண்டாம் முறை நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் இவ்வாறு இழிவுபடுத்தப்பட்டனர். அவர்கள் யார்? பத்திரிகையாளர்கள், சமூகத் தொண்டர்கள், விமானம் ஓட்டும் தொழிலுடையவர். பலரும் பொது இடத்தில் தம் பெயரோடு வாய் திறந்தவர்கள். செய்தவர்களோ போலிப் பெயர்களுக்குள் மறைந்திருந்தனர்; பழி வேறு சமூகத்தார்மீது விழும்படி சீக்கியப் பெயர்களையும் பயன்படுத்தினர். கைதானவர்களுள் பெரும்பாலோர் இருபது வயதை ஒட்டிய இளைஞர்கள். அவர்களுள் ஒரு பெண்ணும் இருந்தார். கொடுமை ஆணுக்கே உரியது, மென்மை பெண்ணுக்கே உரியது என்று எழுதி வைத்தவர்கள் இதற்கு என்ன சொல்வார்களோ!

செய்தி வந்த நாட்களில், மகளின் கைப்பேசியை வாங்கி வைத்துவிடலாம் என்றும், கல்லூரி முடியும் வரை படம் எதுவும் போடக் கூடாது என்றும் எத்தனையோ தந்தையர் எண்ணியிருப்பர். மகனின் கைப்பேசியில் என்ன இருக்கிறது என்று பார்க்க எண்ணியவர் எத்தனை பேர்? படத்தைத் திருடியவர்களும் யாரோ சிலர் வீட்டுப் பிள்ளைகள்தாமே.

இழிவுக்கு ஆளான பெண்களுள் சிலர் இணையத்தை விட்டு விலகினர். சிலர் விலகவில்லை, காவல் நிலையம் சென்று முறையிட்டனர். 2022-இல் அந்த ஜனவரி முதல் நாளன்றே டில்லியில் ஒரு பெண் பத்திரிகையாளர் முறையீடு கொடுத்தார். புனைபெயரில் அன்று, தம் சொந்தப் பெயரில், தம் கையொப்பத்துடன்.